முதலில் இந்தப் பள்ளத்தை மூடுங்கள்

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை வேலையை நடத்தும் அதிகாரிகளுக்கும் ஒப்பந்ததாரருக்கும் வணக்கம்.

விவரம் உங்களுக்கே தெரியும். சித்திரையில் தோண்டினீர்கள். ஆடியில் மண்ணைத் தள்ளி மூடினீர்கள். புரட்டாசியில் குடிநீர்க் குழாய் போட வந்தவர்கள் அதே இடத்தைத் தோண்டினார்கள். போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஜேசிபி அந்தப் புதுக் குழாயை உடைத்தது. மறுபடியும் பள்ளம்.

தண்ணீர் வராததைக்கூட விடுங்கள். என் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஆட்டோ தெருமுனையோடு நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் பள்ளத்தின் ஓரமாகவே தூக்கிப் போகிறோம். அவன் மனைவி டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடந்து, எங்கே சறுக்கும் என்று சொல்கிறாள். "சாமி புறப்பாடு மாதிரி இருக்குடா" என்று அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய வேலை, தாமதம் ஆகத்தான் செய்யும் என்கிறீர்கள். 1964 புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது சீரமைக்க ஆறு மாதம் என்றார்கள். ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 102 மாடியும் 1930 மார்ச்சில் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதமே திறப்பு விழா கண்டன. எந்த உத்திரம் எப்போது மேலே ஏற வேண்டும் என்பதை முன்பே திட்டமிட்டிருந்தார்கள். வரைபடம் முடியாமலே 1959இல் தொடங்கிய சிட்னி ஆப்பரா ஹவுஸ் 1973 வரை இழுத்தது. 70 லட்சம் டாலர் என்ற கணக்கு 10 கோடியைத் தாண்டியது. நீங்களோ பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்பதை ஜேசிபி வாளி இடித்த பிறகுதான் தெரிந்துகொள்கிறீர்கள்.

வேலூர்க் கோட்டை அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்தார்களாம். எங்கள் தெரு அகழிக்கும் அது ஒன்றுதான் பாக்கி. சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தப் பள்ளத்தை மூடுங்கள். அடுத்த தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பதைப் பார்த்தேன். அங்கே வாளி இறங்குவதற்கு முன்னால் குடிநீர்க்காரர், மின்கம்பம் பார்ப்பவர் எல்லோரையும் ஒரே நாளில் கூட்டிவந்து தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள். முடியும் தேதியைப் பலகையில் எழுதி வையுங்கள். ஆனால் அதற்கும் முன்னால், இந்தப் பள்ளம்.

அம்மாவுக்கு அடுத்த முறை வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு. அதற்குள் ஓர் ஆட்டோ நுழையும் அளவுக்காவது மண் தள்ளித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு தெருவாசி