கிருஷ்ணகிரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்: ஒவ்வொரு பகுதிக்கும் தெரிந்த காவலர் ஒருவர் வேண்டும்

மதிப்பிற்குரிய காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர் வட்டாரத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பொதுமக்களோடு சேர்ந்து காவல் பணி செய்யும் குழுக்களும், மாணவர்களுக்கும் இளைஞர்களுக்குமான காவல்துறைத் திட்டங்களும் இம்மாவட்டத்தில் எப்படி அமைய வேண்டும் என்பதைப் பற்றித் தங்களுக்கு எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். இளைஞர்களைக் காவல்துறைக்கு உதவியாளர்களாகச் சேர்க்கும் முன், ஒவ்வொரு பகுதிக்கும் அங்குள்ளவர்கள் பெயர் சொல்லித் தேடிச் செல்லக்கூடிய காவலர் ஒருவரைத் தாருங்கள். அவரைச் சில ஆண்டுகளாவது அங்கேயே பணியாற்ற விடுங்கள்.

ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. அதற்கு வெகுகாலம் முன்பே சிப்காட் தொழிற்சாலைகள் இவ்வூரை மாற்றிவிட்டன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் புழங்கிவந்த தெருக்களில் இப்போது இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. மூக்கண்டப்பள்ளி, பேகேப்பள்ளி, ஜூஜூவாடிப் பக்கம் ஒரே அறையில் பல பேராகத் தங்கி, ஷிப்ட் மாற்றி உறங்கும் இளைஞர்களை வீட்டு உரிமையாளருக்கும் ஆள் எடுக்கும் ஒப்பந்ததாரருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவர்கள் காவலரைச் சந்திப்பது பெரும்பாலும் இரவு வாகனச் சோதனையில், அல்லது அடிதடி நடந்த மறுநாள் நிலையத்தில். உள்ளூர்ப் பையன்களின் நிலையும் இதிலிருந்து வெகுவாக வேறுபட்டதன்று. காவலரை முதன்முதலாகப் பார்ப்பதே சந்தேகத்துக்கு உள்ளாகும் நேரத்தில்தான் என்றால், பிறகு எத்தனை விழிப்புணர்வு முகாம் நடத்தினாலும் அந்த முதல் சந்திப்பின் கசப்பு எளிதில் போகாது.

தமிழ்நாட்டுக்கு இத்துறையில் அனுபவம் உண்டு. 1993இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய காவல்துறை நண்பர்கள் குழு பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. மக்களுக்கும் காவலருக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைக்க வேண்டும் என்ற அதன் நோக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் காலப்போக்கில் பல இடங்களில் அந்த இளைஞர்கள் வாகனச் சோதனையிலும் ரோந்திலும் காவலருக்குப் பக்கத்தில் நிற்கும் கூடுதல் ஆட்களாகவே மக்கள் கண்ணில் பட்டார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது, அக்குழுவைச் சேர்ந்தவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பின் தரப்பில் அது மறுக்கப்பட்டது. 2020 ஜூலையில் அரசு அக்குழுவுக்குத் தடை விதித்தது. பயிற்சியும் பொறுப்புக் கூறலும் இல்லாத கைகளில் காவல் அதிகாரத்தின் நிழல் விழுந்தாலே போதும், தெருவில் அது அதிகாரமாகவே நடந்துகொள்ளும். ஆகவே இளைஞர் குழு எந்தப் பெயரில் வந்தாலும் லத்தி, சோதனை, விசாரணை ஆகிய மூன்றின் பக்கமும் அவர்கள் போகக் கூடாது என்பதை எழுத்துப்பூர்வ ஆணையாகவே பிறப்பிக்க வேண்டுகிறேன். அவர்களிடம் துப்புக் கேட்பதும் கூடாது. நண்பனைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் ஒருவனுக்கு வந்துவிட்டால், அந்தத் தெருவில் அவனுக்கும் வாழ்வில்லை, திட்டத்துக்கும் வாழ்வில்லை.

இதற்கு மாறான வழியைப் பக்கத்து மாநிலம் காட்டியிருக்கிறது. கேரளத்தில் 2008இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தில், ஏறத்தாழ 500 வீடுகளுக்கு ஒரு பீட் காவலர், அதாவது அப்பகுதிக்கென்றே பொறுப்பான காவலர், என்று பிரித்து, அவ்வீடுகளுக்கு நேரில் சென்று பழகுவதையே அவருடைய முதன்மைப் பணியாக வைத்தார்கள். 2010இல் அங்கு தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டம் 2018இல் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டு, எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைச் சேர்க்கிறது. சென்னையின் குடிசைப் பகுதிகளில் நெடுங்காலமாக இயங்கிவரும் காவல் சிறார் மன்றங்களும் நமக்குப் புதியவை அல்ல. மன்றத்துக்கு கேரம் பலகையும் கைப்பந்தும் எளிதில் வந்துவிடும். மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் காவலர்தான் அரிது. திருவிழாப் பாதுகாப்பு என்றும், முக்கியப் பிரமுகர் வருகை என்றும் அவரை அடிக்கடி இழுத்துக்கொண்டால் மன்றம் திறப்பு விழாப் புகைப்படத்தோடு நின்றுவிடும். இப்பணிக்கு ஒதுக்கப்படும் காவலரை வேறு பணிக்கு அனுப்பக் கூடாது என்று தாங்கள் உறுதி செய்தாலொழிய மற்ற ஏற்பாடுகளால் பயன் இருக்காது.

2023 பிப்ரவரி 2ஆம் நாள் ஓசூர் அருகே கோபசந்திரத்தில் நடந்ததைத் தங்கள் துறை மறந்திருக்காது. எருது விடும் விழாவுக்கான அனுமதி குறித்த குழப்பத்தில் பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை பல மணி நேரம் முடங்கியது. கல்வீச்சிலும் தடியடியிலும் அது முடிந்தது. அன்று சாலையில் நின்றவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அனுமதி எந்த மேசையில் நிற்கிறது, எப்போது வரும் என்பதை முந்தைய நாளே விழாக் குழுப் பையன்களிடம் சொல்லக்கூடிய, அவர்களும் நம்பக்கூடிய காவலர் ஒருவர் அந்தப் பகுதியில் இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கல்லெறியும் அளவுக்குப் போயிருக்காது என்றே நம்புகிறேன்.

இளைஞர் திட்டம் என்ற பெயரில் யார் குழந்தைகளை நெருங்குகிறார்கள் என்பது இன்னொரு கவலை. 2024 ஆகஸ்டில் இதே மாவட்டத்தில், தனியார் பள்ளி ஒன்றில் போலியாக நடத்தப்பட்ட என்.சி.சி. முகாமில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். சீருடையும் விசிலும் மிடுக்கான நடையும் இருந்தாலே பெற்றோரும் பள்ளியும் கேள்வி கேட்பதில்லை என்பதை அந்தக் கொடுமை காட்டியது. ஆகவே காவல்துறையின் பெயரால் பள்ளிக்குள் வரும் ஒவ்வொருவரின் பின்னணியும் சரிபார்க்கப்பட வேண்டும். அவர் பெயரும் பொறுப்பும் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். பெண் ஆசிரியர் அல்லது பெண் காவலர் உடனில்லாமல் எந்த முகாமும் நடக்கக் கூடாது. இரவுத் தங்கல் அறவே வேண்டாம்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி மலைப்பகுதிச் சிறுமிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே குழந்தைத் திருமணம் இன்னும் நிற்கவில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம்; ஆனால் கைப்பேசியே அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும்போது அந்தப் பெண் யாரிடம் சொல்வாள்? பள்ளிக்கு மாதம் தவறாமல் வந்து, சீருடை இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்து பேசிப் பழகிய பெண் காவலர் ஒருவர் இருந்தால் அவரிடம் சொல்வாள். மலைக் கிராமங்களுக்குச் சீருடையைக் கண்டால் அச்சம் வருவதற்குக் காரணமும் உண்டு. நம் மாவட்டம் 2004இல் பிரிவதற்கு முன் நாமும் சேர்ந்திருந்த தருமபுரி மாவட்டத்தில், வாச்சாத்தியில் 1992 ஜூனில் பழங்குடி மக்கள் மீது வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய கொடுமைக்கு 2011இல்தான் தீர்ப்பு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அந்த நினைவுள்ள மலைகளில் நம்பிக்கை கேட்டு வருவதில்லை, பழகித்தான் வரும்.

சட்டம் ஏற்கெனவே நமக்கு இடம் தந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஆனால் அவர் யாரென்று அந்த நிலைய எல்லைக்குள் இருக்கும் தலைமை ஆசிரியர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு, சிறிய அளவு வழக்குகளில் தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் போதை அடிமைகளுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. மகன் சட்டையில் கஞ்சாப் பொட்டலத்தைக் கண்ட தாய்க்கு இது தெரியாது. காவல் நிலையத்தில் சொன்னால் பிள்ளை சிறைக்குப் போவான், வேலை கிடைக்காது, பாஸ்போர்ட் கிடைக்காது என்றே அவள் அஞ்சுகிறாள், அஞ்சி மறைக்கிறாள், மறைத்ததாலேயே மகனை இழக்கிறாள்.

தங்களால் உடனே செய்யக்கூடியதைக் கேட்டு முடிக்கிறேன். ஓசூரின் சிப்காட், ஹட்கோ, டவுன் ஆகிய மூன்று காவல் நிலைய எல்லைகளிலும், மலைப்பகுதியில் அஞ்செட்டியிலும், புலனாய்வுப் பொறுப்பு இல்லாத ஓர் ஆண் காவலரையும் ஒரு பெண் காவலரையும் இப்பணிக்கென்று மூன்று ஆண்டுகளுக்கு நியமியுங்கள். மன்றத்தில் பிள்ளைகள் பேசுவது, அவர்களுக்கு ஆபத்து என்றால் தவிர, எந்தக் குறிப்பேட்டிலும் ஏறாது என்று உத்தரவிடுங்கள். வரும் கல்வியாண்டு தொடங்கும்போது அந்தக் காவலர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்கு அனுப்பிப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்துங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எங்களில் பலர் மாலை வகுப்பு எடுக்க ஆயத்தமாக இருக்கிறோம். அழைப்பு வந்தால் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்,
ஓசூர்