யாழ்ப்பாணத்துப் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகவர்களுக்கு,

கடந்த ஆடி மாதம் எனது சின்னம்மா பேத்தியின் சாமத்தியச் சடங்குக்காக இலண்டன் சென்றார். கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிற்பகல் 1.00 மணிக்குப் புறப்பாடு, இலண்டனில் இரவு 7.30 மணிக்குச் சேர்வு என்று பயணச்சீட்டில் இருந்தது. விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தவர், ஆறரை மணித்தியாலம்தானே என்று ஒரு வேளை நீரிழிவு மாத்திரையை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு, மிகுதியைப் பெரிய பெட்டியில் பனங்கட்டிக் குட்டானுக்கும் மிளகாய்த்தூள் பொதிக்கும் நடுவே அடுக்கிவிட்டார். உண்மையில் அது பதினொரு மணித்தியாலப் பறப்பு. சீட்டை விற்றவர் அதைச் சொல்லவில்லை. சின்னம்மாவுக்குக் கேட்கத் தெரியவில்லை.

பயணச்சீட்டில் அச்சாவது அந்தந்த ஊரின் மணி என்பது உங்களுக்கு அன்றாடச் செய்தி. கோடையில் இலண்டன் நமக்கு நாலரை மணித்தியாலமும், குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் பின்னால் நிற்கிறது என்பதை முதன்முறை பறக்கும் முதியவர் எப்படி அறிவார்? திரும்பி வரும்போது குழப்பம் தலைகீழாகிறது. கோடையில் இரவு 9.00 மணிக்கு ஏறி மறுநாள் நண்பகல் 12.00 மணிக்கு இறங்கினால் பதினைந்து மணித்தியாலம் போலத் தோன்றும். ஆனால் நாலரை மணித்தியால வித்தியாசத்தைக் கழித்தால் பத்தரைதான். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னின்று தள்ளுவதால், அதே ஏறத்தாழ 8,700 கிலோமீற்றரைப் போனதைவிடச் சற்று விரைவாகவே கடந்துவிட முடியும்.

ரொறன்ரோ இன்னும் சிக்கலானது. யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 13,700 கிலோமீற்றர். டுபாய் வழியாகப் போனால் கட்டுநாயக்காவிலிருந்து மட்டும் சுமார் 14,400. முதற்பறப்பு நாலரை மணித்தியாலம், அடுத்தது பதினான்கு மணித்தியாலமளவில், இடையில் காத்திருப்பு வேறு. இதற்கெல்லாம் முன்பாக, வான் வண்டியிலோ இரவுப் பேருந்திலோ கட்டுநாயக்காவுக்குப் போகும் ஏழெட்டு மணித்தியாலத்தை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கொடிகாமத்துக்காரருக்குப் பயணம் தொடங்குவது தன் வீட்டுப் படலையில்தான்.

பலாலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஒக்ரோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அங்கிருந்து சென்னை வான்வழியே 355 கிலோமீற்றர் அளவுதான்; சுழல்விசிறி விமானம் ஒன்றேகால் மணித்தியாலமளவில் சேர்த்துவிடும். ஆனால் சென்னையிலிருந்து இலண்டனுக்குத் தனிச் சீட்டு எடுத்தால், அங்கே குடிவரவைக் கடந்து பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். விலை மலிவு என்று சொல்லும் அதே வாயால் இதையும் சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. சீட்டோடு அரைத்தாளில், தமிழில், ஒவ்வொரு பறப்பின் உண்மையான மணித்தியாலம், தூரம், காத்திருப்பு, இறங்கும் ஊரின் மணி நமது மணியில் எத்தனை என்பவற்றை எழுதிக் கொடுங்கள். மருந்து எடுப்பவரானால் எத்தனை வேளைக்குரியதைக் கைப்பையில் வைக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். கணினியில் ஏற்கெனவே பறப்பு நேரம் இருக்கிறது. அதைப் பார்த்து எழுத ஐந்து நிமிடம் போதும்.

சின்னம்மா மார்கழியில் திரும்புகிறார். அவருக்குரிய அரைத்தாளை இம்முறை நானே எழுதி அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
அவருடைய பெறாமகன்,
யாழ்ப்பாணம்.