‘சொல்ல முடியாது’ என்பதும் விடைதான்: கடலூர் மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

கடலூர் மாவட்டப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தி, வினாத்தாளும் விடைக் குறிப்பும் தயாரிக்கும் உங்களுக்கு, அதே பணியை 26 ஆண்டுகள் செய்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நான் திருத்திய ஒரு விடைத்தாள் இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

ஏழாம் வகுப்புப் பருவத் தேர்வுக்கு நான் தயாரித்த வினா இது: “துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றப்பட்டால் மீனவர்கள் கடலுக்குச் செல்ல மாட்டார்கள். இன்று மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது?” ‘புயல் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது’ என்பதே நான் எழுதி வைத்திருந்த விடை. ஏறக்குறைய வகுப்பு முழுவதும் அப்படியே எழுதியிருந்தது. கடலோரக் குப்பத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாணவி மட்டும், “சொல்ல முடியாது. தடைக்காலமாக இருக்கலாம். ஊரில் சாவு விழுந்திருக்கலாம்” என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் நம் கரையில் விசைப்படகுகள் கட்டியே கிடக்கும் என்பதை அறியாதவன் அல்லன் நான். ஆயினும் பேனாவைக் கையில் எடுத்ததும் விடைக் குறிப்பைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. அந்த வகுப்பில் தருக்கப்படி சரியான விடையை எழுதியவள் அவள் ஒருத்திதான் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே உறைத்தது.

அந்த வினாவிலுள்ள விதியிலிருந்து நான்கு கேள்விகள் கேட்கலாம். கூண்டு ஏற்றப்பட்டது என்றால், படகுகள் போகவில்லை என்பது உறுதி. இதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் தயங்காமல் சொல்லும். படகுகள் போயிருக்கின்றன என்றால், கூண்டு ஏற்றப்படவில்லை என்பதும் உறுதி. ஆனால் இப்படிப் பின்னோக்கி எண்ணுவது சிறுவர்களுக்குச் சற்றுக் கடினம். மற்ற இரண்டும் வேறு வகை. படகுகள் போகவில்லை என்பதிலிருந்து கூண்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது; கூண்டு ஏற்றப்படவில்லை என்பதிலிருந்து படகுகளைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது. பிள்ளைகள் பெரும்பாலும் இந்த நான்குக்கும் திட்டவட்டமாகவே விடை சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தவறுக்குக் காரணமும் உண்டு. ‘வீட்டுப்பாடத்தை முடித்தால் விளையாடப் போகலாம்’ என்று அம்மா சொன்னால், முடிக்காவிட்டால் போகக் கூடாது என்பதும் அதற்குள் அடக்கம் என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. அம்மா நினைப்பதும் அதைத்தான். வீட்டுப் பேச்சில் சரியாக இருக்கும் இந்தப் பழக்கம், அறிவியலுக்கும் கணக்கிற்கும் வரும்போது காலை வாரிவிடுகிறது.

பிள்ளைகளின் தவறான விடைக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ஜீன் பியாஜே (1896–1980). 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸ் நகரில் குழந்தைகளுக்கான அறிவுத் தேர்வுகளைச் சீரமைக்கும் பணியில் இருந்தபோது, எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்ற கணக்கைவிட, ஒரே வயதுப் பிள்ளைகள் ஏன் ஒரே மாதிரியாகத் தவறுகிறார்கள் என்ற கேள்வியே அவரைப் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய 7 வயது முதல் 11 வயது வரை, கண்ணெதிரே இருக்கும் பொருள்களைப் பற்றி ஒழுங்காகச் சிந்திக்கும் பிள்ளை, அதன் பின்னரே ‘இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்’ என்று இல்லாதவற்றையும் வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்குகிறது என்பது அவரது முடிவு. இந்த வயதுக் கோடுகள் அவர் நினைத்த அளவுக்கு உறுதியானவை அல்ல என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், ‘எல்லாப் பூனைகளும் குரைக்கும், ரெக்ஸ் ஒரு பூனை’ என்பதை வேறொரு கிரகத்துக் கதையைப் போலச் சொன்னபோது, ரெக்ஸ் குரைக்கும் என்று சிறு குழந்தைகளே சரியாக முடிவு சொன்னார்கள். வெறும் செய்தியாகச் சொன்னபோது, பூனை குரைக்காது என்று தங்களுக்குத் தெரிந்ததையே அவர்கள் பற்றிக்கொண்டார்கள். ஆகவே திறன் முளைவிட்டுத்தான் இருக்கிறது. எந்த நிலத்தில் அது தழைக்கிறது என்பதே கேள்வி.

வேறு காரணங்கள் எளிதில் நினைவுக்கு வரும் இடத்தில் பிள்ளைகள் பொய் முடிவில் விழுவது குறைவு. என் மாணவிக்குத் தடைக்காலம் வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கேள்வியோடு சேர்ந்தது. அதனால் படகு கரையில் கிடப்பதற்கு அவளுக்கு நான்கு காரணங்கள் தெரியும். பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைக்குப் படகைப் பற்றித் தெரியாது. ஆனால் பலா மரம் காய்க்காமல் போவதற்கும் முந்திரி விலை சரிவதற்கும் உள்ள காரணங்களை அடுக்கச் சொன்னால் அடுக்கும். தெரிந்த பொருளில் ஓடும் இந்தச் சிந்தனையைத் தெரியாத பொருளுக்கும் கடத்திச் செல்வதுதான் 11 வயது முதல் 14 வயது வரை பள்ளி செய்ய வேண்டிய வேலை என்று நான் நம்புகிறேன். அது தானாக நடந்துவிடாது. ஆங்கில உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் அறிமுகப்படுத்திய அட்டைச் சோதனையில், ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் எண்ணும் கொண்ட நான்கு அட்டைகளின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி, ‘ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்ற விதியைச் சோதிக்க எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும் என்று கேட்டால், கல்லூரி மாணவர்களிலும் பத்தில் ஒருவர்தான் சரியாகச் சொல்கிறார். அதே அமைப்பில், ‘பீர் குடிப்பவர் 19 வயதைக் கடந்திருக்க வேண்டும்’ என்ற விதியை 1982இல் அமெரிக்க மாணவர்களுக்குக் கொடுத்தபோது நான்கில் மூன்று பங்கினர் சரியாகச் சொன்னார்கள்.

இங்கே ஒரு தடை எழும் என்பதை அறிவேன்: ‘சொல்ல முடியாது’ என்பதை விடையாக ஏற்றால், படிக்காத பிள்ளையும் அதையே எழுதிவிட்டுப் போகுமே! இதற்கு 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானில் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா நடத்திய ஆய்வு எனக்குத் தெளிவு தந்தது. பனி சூழ்ந்த வட கோடியில் கரடிகள் எல்லாம் வெள்ளை. இன்ன ஊர் வட கோடியில் இருக்கிறது. அங்குள்ள கரடிகள் என்ன நிறம் என்று அவர் கேட்டபோது, பள்ளிக்குச் செல்லாத உழவர்களில் பலர், நான் அங்கே போனதில்லை, பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்ற பொருளில் விடை தந்தார்கள். சிறிது காலம் படித்தவர்களோ வெள்ளை என்றார்கள். உழவர் சொன்ன ‘சொல்ல முடியாது’ வேறு, என் மாணவி எழுதிய ‘சொல்ல முடியாது’ வேறு. உழவர் கொடுத்த கூற்றுக்குள் நுழையவே இல்லை. அவள் நுழைந்து, அதை நிறுத்துப் பார்த்து, அது முடிவுக்குப் போதாது என்று கண்டு, ஏன் போதாது என்பதற்குக் காரணமும் காட்டினாள். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி காரணம் கேட்பதுதான்.

இது நமக்குப் புதிதும் அன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், மலையில் புகை தெரிவதால் நெருப்பு உண்டு என்பதைப் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று பிரித்து, அடுக்களையை எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறார். அதோடு நில்லாமல், ஏதுப் போலிகளையும், அதாவது காரணம் போலத் தோன்றும் பிழைகளையும், வகுத்துச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று அநைகாந்திகம். ஒரே முடிவில் நிற்காமல் பல பக்கமும் சாயக்கூடிய காரணம் என்பது அதன் பொருள். படகு கரையில் கிடப்பதைக் காட்டிக் கூண்டு ஏறியது என்று முடிவு செய்வது அதற்குச் சரியான உதாரணம். தமிழில் பெயரே வைத்திருக்கும் ஒரு பிழையைக் கண்டுபிடித்த பிள்ளைக்குத்தான் நான் பூஜ்யம் போட்டேன்.

வகுப்பறையில் இதை வளர்க்கப் பணம் தேவையில்லை. ஒரு நூலும் இரண்டு கற்களும் போதும். ஊசல் வேகமாக ஆடுவது நூலின் நீளத்தாலா, கல்லின் எடையாலா என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் நீள நூலில் கனமான கல்லையும் குட்டை நூலில் சிறிய கல்லையும் கட்டி ஆட்டிவிட்டு, எடைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வார்கள். அந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடாதீர்கள். ‘நீளம்தான் காரணம் என்று உன் நண்பன் சொன்னால், இந்தச் சோதனையை வைத்து அவனை மறுக்க முடியுமா?’ என்று மட்டும் கேளுங்கள். வகுப்பு சற்று நேரம் அமைதியாகும். பிறகு யாராவது ஒருவர், ஒரே கல்லை இரண்டு நூலிலும் கட்டிப் பார்க்கலாம் என்பார். 1 மீட்டர் நூலில் பத்து அலைவுக்கு ஏறக்குறைய 20 நொடியும், 25 சென்டிமீட்டர் நூலில் ஏறக்குறைய 10 நொடியும் ஆகும். கல்லை மாற்றினாலும் அது மாறாது. அதைத் தாங்களே கண்டுபிடித்த பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்திற்காகக் காத்திருந்தேன். இங்கிலாந்தில் கல்வி ஆய்வாளர்களான மைக்கேல் ஷேயரும் பிலிப் ஏடியும் 1980களில், 11 வயதை ஒட்டிய மாணவர்களுக்கு இத்தகைய பாடங்கள் சுமார் முப்பதை இரண்டு ஆண்டுகளில் பரப்பி நடத்தினார்கள். சில ஆண்டுகள் கழித்து எழுதிய பொதுத் தேர்வில் அறிவியலில் மட்டுமின்றி ஆங்கிலத்திலும் பலன் தெரிந்ததாக அறிவித்தார்கள். பிற்காலத்தில் வேறு பள்ளிகளில் செய்தபோது அதே பலன் கிடைக்காத அனுபவமும் உண்டு. ஆகவே இதை மந்திரம் போலப் பரிந்துரைக்க நான் துணியவில்லை.

நான் கேட்பது அதைவிடச் சிறியது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில், மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் முதலில் நமக்குள் கேட்டுக்கொண்டு, எழுந்த விடைகளைப் பலகையில் எழுதிப் பாருங்கள். பாடம் நடக்கும்போதே வைக்கும் வளரறி மதிப்பீட்டின் சிறு தேர்வுகளில், தரப்பட்ட செய்தியிலிருந்து முடிவுக்கு வர இயலாத வினா ஒன்றையாவது வேண்டுமென்றே சேர்த்து, ‘ஏன்?’ என்று எழுத இரண்டு வரி இடம் விடுங்கள். பருவ இறுதியில் வரும் தொகுத்தறித் தேர்வின் விடைக் குறிப்பின் அடியில் இந்த வாக்கியத்தைச் சேர்க்கும்படி வேண்டுகிறேன்: “மாணவர், சொல்ல முடியாது என்று எழுதி, அதற்குப் பொருந்தும் காரணம் ஒன்றையேனும் காட்டியிருந்தால், முழு மதிப்பெண் வழங்குக.”

அன்புடன்,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.