பாட்டு வந்ததும் கைப்பேசியை எடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

"நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் மனிதன் திடீரென்று எதற்குப் பாடவேண்டும்?" என்று கேட்டாய். ஆங்கிலத்தில் 'மியூசிக்கல்' என்று சொல்லும் இசைப்படங்களைப் பிடிக்காத எல்லாரும் கேட்கும் கேள்வி இது. பிடித்தவர்கள் சிரித்து மழுப்பிவிடுவார்கள். எனக்கு மழுப்ப மனம் வரவில்லை. உன்னைப் போலவே நினைப்பவர்கள் நம் குடும்பத்திலும் நண்பர்களிலும் நிறையப் பேர் இருப்பதால், பதிலை எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

உனக்குப் பாட்டு பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. காரில் ஏறியதும் இளையராஜா இல்லாமல் உனக்கு வண்டி நகராது. ஒரு தமிழ்ப் படத்தில் ஆறு பாட்டு இருந்தாலும் ஆறையும் ரசிக்கிறாய். ஆங்கிலப் படத்தில் ஒருத்தி சமையலறையில் நின்றபடி வாயைத் திறந்து பாடினால் மட்டும் உன் கை கைப்பேசியைத் தேடுகிறது. ஏன் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன்.

நம் சினிமா பாட்டோடுதான் பிறந்தது. 1931இல் வந்த 'காளிதாஸ்' படத்தில் சுமார் 50 பாடல்கள். நாடகக் கம்பெனி மேடையிலிருந்து நேராகத் திரைக்கு வந்தவர்கள் சொந்தக் குரலில் பாடினார்கள். பிறகு பின்னணிப் பாடல் வந்தது. முகம் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது என்று ஆனது. டி.எம்.சௌந்தரராஜன் சிவாஜிக்கு ஒரு குரலும் எம்.ஜி.ஆருக்கு ஒரு குரலும் வைத்திருந்தார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். பாட்டு தொடங்கினால் ஊர் மாறும், உடை மாறும், எங்கிருந்தோ இருபது பேர் ஆட வருவார்கள். பாட்டு முடிந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். இடையில் நடந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கதை கொஞ்ச நேரம் நின்றிருந்தது என்று நமக்கும் தெரியும், எடுத்தவர்களுக்கும் தெரியும்.

நான் சொல்லும் இசைப்படங்களில் அப்படி நிற்பதில்லை. அதே சட்டை, அதே தெரு, அதே வாய். பாட்டுக்குள் ஒருவன் முடிவெடுக்கிறான், ஒருத்தி பொய் சொல்கிறாள், ஒரு காதல் முறிகிறது. பாட்டு நேரத்தில் வெளியே போய்விட்டு வந்தால் கதை புரியாது. எம்ஆர்டி ரயிலில் ஒருவர் உரக்கப் பாடத் தொடங்கினால் பெட்டியில் இருக்கும் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொள்வோம் இல்லையா? உனக்குத் திரையரங்கில் வருவது அந்தக் கூச்சம்தான். பாடுகிறவர் கூச்சப்படாததால் அவருக்கும் சேர்த்து நாம் கூச்சப்படுகிறோம்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல இசைப்படத்தை எடுத்தவர்களுக்கு இந்தக் கூச்சம் நன்றாகவே தெரியும். 1952இல் வந்த 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தில் ஜீன் கெல்லி மழையில் ஆடும் காட்சியை எல்லாரும் துண்டாகப் பார்த்திருப்பார்கள். நீயும் பார்த்திருப்பாய். நான் உன்னைப் பார்க்கச் சொல்வது அது தொடங்கும் விதத்தை. காதலியை வாசலில் விட்டுவிட்டு, காத்திருக்கும் காரைப் போகச் சொல்லிக் கையசைக்கிறார். குடையோடு நடக்கிறார். வெறும் நடைதான். பிறகு அந்த நடையில் ஒரு தாளம் விழுகிறது. வாய்க்குள் சொல் இல்லாத ஒரு முனகல். அதற்கும் பிறகுதான் குடையை மடக்குகிறார், பாட்டுக்குச் சொல் வருகிறது, விளக்குக் கம்பத்தில் தாவி ஏறுகிறார், கடைசியில் தேங்கிய தண்ணீரில் சின்னப் பையன் மாதிரிக் குதிக்கிறார். பேச்சிலிருந்து பாட்டுக்கு நம்மைப் படிப்படியாக இறக்குகிறார். அப்போது ஒரு போலீஸ்காரர் வந்து அசையாமல் நின்று பார்க்கிறார். தம்பி, அந்தப் போலீஸ்காரர் நீதான். உன்னை மறக்காமல் படத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கெல்லி மெல்ல அடங்கி, விலகி நடந்து, எதிரே வரும் ஒருவரிடம் குடையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அந்தப் படத்தின் கதையே குரலைப் பற்றியதுதான். 1927இல் பேசும் படம் வந்தபோது, அழகான முகமும் கேட்கச் சகிக்காத குரலும் கொண்ட ஒரு நடிகைக்கு, இன்னொருத்தி திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கிறாள். பின்னணிப் பாடகரைத் தெய்வமாகக் கொண்டாடும் நாம் பார்க்கவேண்டிய கதை. ஹாலிவுட்டில் அதை மறைத்துத்தான் செய்தார்கள். 1961இன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்காகப் பாடிய மார்னி நிக்சனின் பெயர் படத்தின் பெயர்ப்பட்டியலில்கூட வரவில்லை. நம் ஊரில் பி.சுசீலா யாருக்காகப் பாடினார் என்பது குழந்தைக்கும் தெரியும். இந்த விஷயத்தில் நாம்தான் நேர்மையானவர்கள்.

'ஏன் பாடவேண்டும்' என்ற கேள்விக்கு வருகிறேன். பாட்டி இறந்த அன்று நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஜொகூரிலிருந்து பெரியம்மா வந்து இறங்கினார். அதுவரை எல்லாரிடமும் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று விசாரித்தார். பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டியின் கையைத் தொட்டார். தொட்டதும் குரல் ராகமாக மாறியது. எஸ்டேட்டில் பாட்டி பால்மரம் சீவப் போனதும், தலையில் வாளி சுமந்ததும், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்ததும் வரிவரியாக வந்தன. நாற்காலிகளில் இருந்த யாரும், "பேசிக்கொண்டிருந்தவர் ஏன் பாடுகிறார்?" என்று கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை, தூணில் சாய்ந்துகொண்டு அழுதாய். பாட்டியைப் பற்றி அன்று பலரும் பேசினார்கள். உன்னை அழவைத்தது பெரியம்மாவின் பாட்டுத்தான்.

ஒப்பாரியும் தாலாட்டும் இருக்கும் மொழியில் பிறந்துவிட்டு, மனிதன் நிஜத்தில் பாடமாட்டான் என்று நீ சொன்னால் நான் எப்படி ஒப்புக்கொள்வது?

'தில்லானா மோகனாம்பாள்' உனக்குப் பிடித்த படம். 1968இல் ஏ.பி.நாகராஜன் எடுத்தது. அதை ஏன் இசைப்படமாக நீ எண்ணுவதில்லை என்று எனக்குத் தெரியும்: நாதஸ்வரக்காரனும் நாட்டியக்காரியும் மேடையில்தான் வாசிக்கிறார்கள், ஆடுகிறார்கள், அதனால் உறுத்துவதில்லை. 'நலந்தானா' பாட்டை மட்டும் இன்னொரு முறை பார். காயம்பட்ட கையோடு அவன் வாசிக்கிறான். அவளுக்கு அவனிடம் நலம் விசாரிக்கவேண்டும். ஊரே உட்கார்ந்திருக்கும் சபையில் அவள் அவனிடம் எப்படிப் பேசுவாள்? ஆட்டத்துக்குள் ஒளித்துத்தான் கேட்க முடிகிறது. அந்த இடத்தில் கண்ணதாசனின் வரிகளை எடுத்துவிட்டு வசனம் எழுதிப் பார், காட்சியே செத்துவிடும். கதை நின்றிருக்கும் பாட்டு இல்லை அது. அங்கே கதை நடப்பதே பாட்டில்தான்.

சரி, உன் பக்கமும் நியாயம் இருக்கிறது. 'அந்த நாள்' என்று 1954இலேயே ஒரு பாட்டுகூட இல்லாமல் தமிழில் படம் எடுத்தவர் வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர். இசையில் மூழ்கிய மனிதரே இந்தக் கதைக்குப் பாட்டு வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறார். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. மோசமான இசைப்படம் வேறெந்த மோசமான படத்தையும்விடத் தாங்கமுடியாதது என்பதும் உண்மை. 2019இல் வந்த 'கேட்ஸ்' படத்தில் மனித முகத்தில் கணினி ஒட்டிய பூனை ரோமத்தைப் பார்த்துக்கொண்டு பாட்டில் மனம் செல்லவே இல்லை. 2012இன் 'லே மிசராப்ள'வில் படப்பிடிப்புத் தளத்திலேயே நடிகர்களை நேரடியாகப் பாடவைத்தது துணிச்சலான காரியம். ஆன் ஹாத்வேக்கு அது பொருந்தியது. ரஸ்ஸல் குரோவுக்குப் பொருந்தவில்லை. பாட வராதவரை நட்சத்திரம் என்பதற்காகப் பாடவைத்தால் பார்க்கிறவர்கள் தண்டனை அனுபவிக்கவேண்டியிருக்கிறது. இது போதாதென்று ஸ்டூடியோக்களே வெட்கப்படுகின்றன. 2023இல் 'வோங்கா' படத்தின் முன்னோட்டம் அது ஓர் இசைப்படம் என்பதைக் காட்டிக்கொள்ளவே இல்லை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகு பாட்டு வந்தால் ஏமாற்றப்பட்ட கோபம் வரத்தான் செய்யும்.

"எல்லாம் இனிப்பு, எல்லாம் பொய்ச் சந்தோஷம்" என்றும் சொன்னாய். அதற்கு என் பதில் 1972இன் 'கேபரே'. 1931ஆம் ஆண்டின் பெர்லினில் நடக்கும் கதை. இயக்குநர் பாப் ஃபாஸி கிட்டத்தட்ட எல்லாப் பாடல்களையும் இரவு விடுதியின் மேடையிலேயே வைத்துவிட்டார், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று வெயில் அடிக்கும் தோட்டத்தில் வருகிறது. அழகான ஓர் இளைஞன் இனிமையான குரலில் பாடுகிறான். நமக்கும் பிடித்துப்போகிறது. கேமரா கீழே இறங்கி, அவன் கையில் கட்டியிருக்கும் நாஜிப் பட்டையைக் காட்டுகிறது. பாட்டு ஏற ஏறக் குடும்பம் குடும்பமாக எழுந்து நின்று சேர்ந்து பாடுகிறார்கள். ஒரு கிழவர் மட்டும் எழாமல் உட்கார்ந்திருக்கிறார். பாட்டு மனிதர்களை என்ன செய்யும் என்பதை, ஒரு நிமிடம் முன்பு ரசித்துக்கொண்டிருந்த என்னை வைத்தே அந்தப் படம் காட்டியது. இதில் எங்கே இனிப்பு?

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம் என்றும் நினைத்துவிடாதே. நம் சிங்கப்பூரில், பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸில் ஷா நிறுவனத்தின் ஸ்டூடியோ இருந்தது. அங்கே மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள். மலாய்த் திரையின் பெரிய நட்சத்திரமான பி.ரம்லியை 1950இல் 'பக்தி' படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல்.கிருஷ்ணன். ரம்லி பினாங்கிலிருந்து இங்கே வந்ததே பின்னணி பாடத்தான். அவருடைய 'இபு மெர்துவாகு', 1962இல் வந்தது, என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான படம். சாக்ஸஃபோன் வாசிக்கும் ஓர் ஏழை இசைக்கலைஞன், வானொலியில் அவன் குரலைக் கேட்டே காதலிக்கும் பணக்காரப் பெண், இசைக்காரன் என்றாலே முகம் சுளிக்கும் மாமியார். மனைவி இறந்துவிட்டாள் என்று மாமியார் சொன்ன பொய்யை நம்பி அழுதழுதே அவன் பார்வை போகிறது. பார்வை போனவன் பாடும் பாட்டை நம் பெற்றோர் தலைமுறை மலாய் நண்பர்களிடம் முனகிக் காட்டு, மீதியை அவர்களே பாடிவிடுவார்கள்.

ராய்ஸ்டன் டான் 2007இல் எடுத்த '881' இன்னும் பக்கத்தில் இருக்கிறது. சீனர்களின் ஏழாம் மாதம் வந்தால் நம் பேட்டைத் திடல்களில் கெத்தாய் மேடை போடுவார்களே, அந்தப் பாடகிகளின் கதை. ஆவிகளுக்காக முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிட்டு அந்த வெற்று வரிசையைப் பார்த்து மினுமினுப்புச் சட்டையில் பாடுகிறார்கள். எனக்கு ஹொக்கியன் ஒரு சொல்கூடத் தெரியாது. சேர்ந்து பாடும் இரண்டு தோழிகளில் ஒருத்தி நோயோடு மேடையேறும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். அதுவரை கெத்தாய் சத்தம் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தவள், அந்தப் படத்துக்குப் பிறகு கீழே இறங்கிப்போய்க் கடைசி வரிசையில் நின்று கேட்கிறேன்.

எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்தது ழாக் தெமி 1964இல் எடுத்த 'செர்போர்கின் குடைகள்'. அதில் பேச்சே கிடையாது. கடன் கேட்பதிலிருந்து கதவைச் சாத்தச் சொல்வதுவரை அத்தனையும் மிஷெல் லெக்ராந்தின் இசையில் பாட்டாகவே வருகிறது. முதல் காட்சியில் கார் பழுதுபார்க்கும் பட்டறையில் ஒரு தொழிலாளி, தனக்கு ஆபரா பிடிக்காது, ஆட்கள் பாடிக்கொண்டே இருப்பதைத் தாங்கமுடியாது, சினிமாதான் நல்லது என்கிறான். அதையும் பாடித்தான் சொல்கிறான். உன் கேள்வி அங்கேயே வந்துவிட்டது. தெமி அதை ஒதுக்காமல் வாங்கிக்கொண்டு படத்தை நடத்துகிறார். அல்ஜீரியப் போருக்குப் போகும் இளைஞன், கர்ப்பமான நிலையில் வேறொருவரை மணந்துகொள்ளும் காதலி. கடைசியில் பனி கொட்டும் இரவில் அவனுடைய பெட்ரோல் நிலையத்துக்கு அவள் கார் வந்து நிற்கிறது. உள்ளே அவன் பார்த்திராத அவன் மகள் இருக்கிறாள். அந்தச் சமயத்தில் ஊழியன் வந்து கேட்கிறான்: சூப்பரா, சாதாரணமா? பெட்ரோலைப் பற்றிய கேள்வி, அதுவும் பாட்டில். இவ்வளவு சாதாரணமான சொல் இவ்வளவு வலிக்கும் என்று எந்த வசனப் படத்திலும் நான் உணர்ந்ததில்லை. மகளைப் பார்க்கிறாயா என்று அவள் கேட்கிறாள். அவன் வேண்டாமென்று தலையசைக்கிறான். எல்லாமே பாட்டாக இருக்கும் படத்தில் அந்தச் சின்னத் தலையசைப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று நீயே பார்த்துச் சொல்.

ஆனால் அதை முதலில் பார்க்காதே. முழுவதும் பாட்டு என்றால் பத்தாவது நிமிடத்தில் எழுந்துவிடுவாய். 'கேபரே'யில் தொடங்கு. மேடைப் பாட்டுக்கு உனக்குக் கூச்சம் வராது. பிறகு 'இபு மெர்துவாகு', அதன் பிறகு மழைப்படம். மூன்றும் பிடித்தால் செர்போர்க்கை என் வீட்டில் சேர்ந்து பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு வசதி. பிள்ளைகளையும் அழைத்து வா. கைப்பேசிகள் சமையலறை மேசையில் இருக்கட்டும். பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் எந்தப் பாட்டில், எந்த இடத்தில் மனம் விலகியது என்று குறித்துக்கொண்டு வா. அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பேசலாம்.

அன்புடன்,
அக்கா