அந்தப் பழைய லாக்புக்கைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுப்பிக்கப்பட்ட எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் பெயின்ட், குரோம், தோல் இருக்கை என்றே கட்டுரை முழுக்கப் போகிறது. இத்தனை வருடமாக அந்தக் கார் யார் யாரிடம் இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. இங்கிலாந்தில் டிங்கரிங், வெல்டிங் என்று பட்டறையிலேயே காலம் தள்ளியவன் நான். வண்டியின் பளபளப்பைப் பார்க்கும் முன் அதன் காகிதங்களைக் கேட்பதுதான் என் வழக்கம்.

முதலில் ஒரு திருத்தம். பிரிட்டனில் வண்டிக்கு இப்போது தரும் வி5சி பதிவுச் சான்று கையில் இருப்பதால் உரிமை உறுதி என்று எழுதியிருக்கிறீர்கள். அது உரிமைக்குச் சான்று அல்ல என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. வண்டியை வைத்திருப்பவராகப் பதிவானவர் யார், அதாவது அபராதக் கடிதம் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. வண்டி யாருடையது என்று தெரிய வேண்டுமானால் விற்பனை ரசீது வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்வான்ஸியில் இருக்கும் மத்திய வாகனப் பதிவு அலுவலகம் 1970களில் கணினிப் பதிவைத் தொடங்கும் வரை, பிரிட்டனில் வண்டிகளை அந்தந்த வட்டார கவுன்சில்கள்தான் பதிவு செய்தன. வண்டி கைமாறினால் புதியவரின் பெயரும் முகவரியும் லாக்புக்கில், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தில் ஏறும், பக்கத்தில் கவுன்சில் முத்திரை விழும். அந்தச் சின்ன புத்தகத்தைப் பிரித்தால் வண்டி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்று வரிசையாகப் படிக்கலாம். கவுன்சில்களின் பதிவேடுகள் பல பிற்பாடு அழிக்கப்பட்டுவிட்டன. அதனால் பல கார்களுக்கு லாக்புக்கை விட்டால் வேறு சாட்சி இல்லை. 1983க்குள் கணினியில் ஏறாத வண்டியின் பழைய நம்பரை இன்று மீட்க வேண்டுமென்றாலும் இந்த மாதிரிப் பழைய ஆவணத்தைத்தான் கேட்பார்கள்.

என்னிடம் இருப்பதும் எம்ஜிபிதான், 1965 மாடல். என்னிடம் வரும்போது சிவப்பாக இருந்தது. எம்ஜிபியின் தொழிற்சாலைப் பதிவேடுகள் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. பணம் கட்டினால் அவற்றைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். அபிங்டன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது என் வண்டி ஐரிஸ் ப்ளூ நிறம் என்று அதில் இருந்தது. சிவப்பு என்றால் சீக்கிரம் விலைபோகும் என்று இடையில் யாரோ மாற்றி அடித்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சிவப்பு ஒருநாளும் பிடித்ததில்லை.

வண்டியோடு வந்த கோப்பில் லாக்புக்கும் இருந்தது. அதில் மூன்றாவது பெயர் ஒரு பெண்மணியுடையது. பெட்ரோல் கணக்கு எழுதிய அவருடைய நோட்டும் கூடவே இருந்தது. எம்ஜிபியில் அப்போது ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, இருக்கைக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கும். கை போகாத இடம் என்பதால் எல்லோரும் தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவார்கள். அந்த அம்மா மறக்கவில்லை, ஊற்றிய தேதியெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்! அதே கோப்பில் ஒரு பட்டறையின் பில்லும் கிடைத்தது. இடது பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற பகுதியை மாற்றியதாக அதில் இருந்தது, ஆனால் வெளித்தகட்டுக்கு மட்டும்தான் காசு வாங்கியிருந்தார்கள். அந்தச் சில்தான் இந்தக் காருக்கு முதுகெலும்பு. உள்தகட்டை மாற்றாமல் வெளித்தகட்டை மட்டும் ஒட்ட வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வெட்டிப் பார்த்தேன். புதுத் தகட்டுக்குள் பழைய தகடு துருப்பிடித்து அப்படியே உட்கார்ந்திருந்தது. மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்திருந்த அழகைப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

எம்ஜிபிக்கு 1988 முதல் பழைய அச்சுகளிலேயே முழு பாடியும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதை வாங்கிப் பழைய எஞ்சினை மாட்டினால் அது பழைய காரா என்று சிலர் கேட்கிறார்கள். இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு வருடமும் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் ஜெயித்த பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காரின் செல்லப்பெயர் 'ஓல்ட் நம்பர் ஒன்'. பிறகு அதில் எட்டு லிட்டர் எஞ்சின் ஏறியது. 1932ல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். அதற்கு அப்புறம் வேறு உருவில் கட்டினார்கள். பல வருடம் கழித்து சுமார் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்தபோது, இது அசல் வண்டியே இல்லை என்று வாங்குபவர் தரப்பு மறுத்தது. பந்தயத்தில் ஓடிய இரும்பு அதில் கொஞ்சம்தான் மிச்சம். ஆனாலும் மாற்றங்கள் எல்லாம் ஒரே வண்டியில் படிப்படியாக நடந்தவை, அதன் சரித்திரம் எங்கும் அறுபடவில்லை என்று கண்ட நீதிபதி ஆட்டன், அது 'ஓல்ட் நம்பர் ஒன்' தான் என்று 1990ல் தீர்ப்பளித்தார். அந்தச் சரித்திரத்தை நிரூபிக்க முடிந்ததே பெரிய விஷயம்.

இப்போது சில வியாபாரிகள், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்று சொல்லி, பழைய சொந்தக்காரர்களின் பெயர் உள்ள காகிதங்களை விற்பதற்கு முன் எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். 1965ல் கார் வாங்கியவர்களில் எத்தனை பேர் இன்று இருப்பார்கள்? இருந்தால் அவர்களிடமே கேட்கலாம், அல்லது முகவரியை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். கிழித்துப் போடுவது சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

உங்கள் கட்டுரையில் வந்த காருக்கு கெய்டன் சான்றிதழ் வாங்கினார்களா, அதில் உள்ள எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒன்றா என்று அதன் சொந்தக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். சில் வேலைக்கான பில் இருந்தால் அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வெல்டர்,
ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்