ஒரு ரேக் சொல்வதும் நூறு ரேக் சொல்வதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. மகளின் கல்யாண வேலைகளுக்கு நடுவிலும் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் மூன்று பக்கம் மேஜையில் கோலால் பந்தடிக்கும் நம் பூல் ஆட்டத்தைப் பற்றியே என்பதைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எனக்கு வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு நான் முதலில் பார்த்ததும் ஒரு பூல் ஆட்டத்தின் பதிவுதான். பச்சைத் துணியின் மேல் வெள்ளைப் பந்து உருண்டு நிற்கும் இடம், பல வருஷங்களுக்குப் பிறகு, விளிம்பு மங்காமல் தெரிந்தது. ஆகவே நீ எழுதியதற்கு நல்ல கண்ணோடு பதில் எழுதுகிறேன்.

2024இல் ஜெத்தாவில் நடந்த உலக ஒன்பது-பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஃபெடோர் கோர்ஸ்ட் எக்லென்ட் காச்சியை 15–14 என்று வென்றதைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு உலகத்தில் கோர்ஸ்ட்டுக்கு மேல் ஆள் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். கோர்ஸ்ட் மிகப் பெரிய ஆட்டக்காரர் என்பதில் எனக்கும் ஐயமில்லை; 2019இல் தோஹாவிலும் அவர்தான் உலக சாம்பியன். ஆனால் அந்த இறுதி ஆட்டம் அதை நிரூபித்தது என்று நீ சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பந்துகளை அடுக்கி ஆடும் ஒவ்வொரு சுற்றும் ஒரு ரேக்; அப்படி 28 ரேக் ஆடி இருவரும் சமமாக நின்றார்கள். 29ஆவது ரேக்கில் ஒருவர் சாம்பியன் ஆனார், மற்றவர் கை குலுக்கிவிட்டுப் போனார். அந்த ஒரு ரேக் கிண்ணம் யாருக்கு என்பதைத் தீர்த்தது, அது நியாயமும்கூட. யார் பெரியவர் என்பதை அது எப்படித் தீர்க்கும்? அடுத்த வருஷம் அதே ஜெத்தாவில் கார்லோ பியாடோ 15–13 என்று கோர்ஸ்ட்டைத் தோற்கடித்தாரே, அதனால் கோர்ஸ்ட் சிறியவராகிவிட்டாரா?

இந்த ஆட்டத்தின் இயல்பை முதலில் யோசித்துப் பார். கபடியில் பாடி வருபவனை நீ பிடிக்கலாம், தடுக்கலாம். பூலில் எதிராளி மேஜையில் இருக்கும்வரை நீ நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியான பிரேக்கை அவர் அடிக்கிறார், ஒரு பந்து விழுகிறது, ஒன்றாம் எண்ணிலிருந்து ஒன்பது வரை வரிசையாகத் துடைத்துவிட்டுப் போகிறார். உன் திறமை எதுவும் அந்த ரேக்குக்குள் நுழையவே இல்லை. உன் பிரேக்கிலோ பந்துகள் அழகாகச் சிதறியும் ஒன்றுகூட பாக்கெட்டில் விழாமல் நின்றுவிட்டால், அவர் எழுந்து வந்து நீ பரப்பி வைத்ததை எடுத்துக்கொள்கிறார். அதனால்தான் குறைவான ரேக்குகளில் கிடைக்கும் வெற்றி ஆளைப் பற்றிச் சொல்வது கொஞ்சம், அன்றைய பந்துகளைப் பற்றிச் சொல்வது அதிகம்.

இதை என் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதே. அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரத்துப் பெயரைத் தாங்கிய ஃபார்கோரேட் என்ற தரப்புள்ளி முறை இருக்கிறது. அதன் அடிப்படை எளிமையானது: இருவருக்கிடையே 100 புள்ளி வித்தியாசம் இருந்தால், பெரியவர் இரண்டு ரேக் எடுக்கும்போது சிறியவர் ஒன்று எடுப்பார் என்று பொருள். உச்சியில் இருப்பவர்கள் எல்லாரும் 800ஐத் தாண்டி, சில பத்துப் புள்ளிகளுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். 20 புள்ளி வித்தியாசமுள்ள இருவரை எடுத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 ரேக் ஆடினால் மேலே இருப்பவர் 53 அல்லது 54 எடுப்பார், அவ்வளவுதான். 7 ரேக் முதலில் எடுப்பவருக்கு வெற்றி என்று வைத்தால் அவர் 100 தடவையில் சுமார் 60 தடவை ஜெயிப்பார். 13 ரேக் என்றால் 64. 120 ரேக் என்றால் 86. 13 வரைக்குமான ஆட்டத்தில், தரத்தில் குறைந்தவர் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் ஜெயித்துவிடுகிறார்! ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஆளை எடைபோடாதே என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமானால் ஷேன் வான் போனிங்கைப் பார். தெற்கு டகோட்டாவின் ரேப்பிட் சிட்டிக்காரர். பிறவியிலிருந்தே காது சரியாகக் கேட்காதவர். ஆட்டத்தின்போது காதுக் கருவியை அணைத்துவிட்டு அந்த நிசப்தத்துக்குள் ஆடுபவர். 2007, 2012, 2013, 2014, 2016 என்று ஐந்து தடவை ஒன்பது-பந்து அமெரிக்க ஓப்பனை வென்றார். அப்படியும் உலகப் பட்டம் மட்டும் அவருக்கு அமையவில்லை என்பதை ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2016 உலக இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரியாவின் ஆல்பின் ஓஷன் அவரை 13–6 என்று வீழ்த்தினார். ஆறு வருஷம் கழித்து, 2022இல், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் அதே இருவர் மறுபடியும் இறுதி ஆட்டத்தில் சந்தித்தார்கள். இந்தத் தடவை வான் போனிங் வென்றார், அதே 13–6! முதல் ஆட்டத்தை மட்டும் பார்த்தவன் ஓஷன் எங்கேயோ உயரத்தில் இருக்கிறார் என்பான். இரண்டாவதை மட்டும் பார்த்தவன் வான் போனிங் என்பான். இருவரும் உண்மையாகவே ஒன்றைப் பார்த்தவர்கள்தான், இருவரும் தவறாகத்தான் சொல்வார்கள்.

அப்படியானால் எதை வைத்துத்தான் ஒப்பிடுவது என்று கேட்பாய். எதிராளியை விட்டுவிட்டு, ஒருவர் மேஜையில் இருக்கும்போது என்ன செய்தார் என்பதை மட்டும் எண்ணும் வழி ஒன்று உண்டு. பூல் ஆட்டங்களைப் பதிவு செய்து கணக்கெடுக்கும் அக்யூ-ஸ்டாட்ஸ் நிறுவனத்துக்காரர்கள் 1980களிலிருந்து செய்துவருவது அது. போட்ட பந்துகளின் எண்ணிக்கையை, போட்ட பந்துகளும் செய்த பிழைகளும் சேர்ந்த தொகையால் வகுக்கிறார்கள். 90 பந்து போட்டு 10 பிழை செய்திருந்தால் 0.900, அதற்கு மேல் போனால் உலகத் தரம். பந்து பாக்கெட்டில் விழாதது மட்டும் பிழை அல்ல. அடுத்த பந்துக்கு வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் நிறுத்தாததும் பிழை, எதிராளிக்கு நல்ல அடி கிடைக்காதபடி பந்தை நிறுத்தும் சேஃப்டி வைக்கப் போய் அவருக்கு வழி திறந்துவிட்டதும் பிழை. நம் ஊர்ப் பார்லரில் மார்க்கராக இருந்த பெரியவர் சுவரோரம் பலகையில் நம் ஸ்கோரை எழுதிவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் தனியாக ஏதோ கோடு போட்டுக்கொண்டிருப்பார், ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். நாம் விட்ட பந்துகளை அல்ல, வெள்ளைப் பந்து போகக் கூடாத இடத்துக்குப் போன தடவைகளை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நான் ஜெயித்த நாள்களிலும் என் பக்கத்தில்தான் கோடுகள் அதிகமாக இருந்தன. அன்றைக்கு அது எனக்குக் கோபத்தைத் தந்தது. இன்றைக்கு அவர் காலில் விழத் தோன்றுகிறது.

அந்த எண்ணும் முழுவதும் சொல்லிவிடாது. திறந்து கிடக்கும் ஒன்பது பந்துகளைத் துடைத்ததும், பந்துகள் ஒட்டிக் கிடந்த ரேக்கைப் பிரித்து எடுத்ததும் அங்கே ஒரே கணக்கில்தான் வரும். அதனால்தான் நான் நீண்ட ஆட்டங்களையும் பலவகை ஆட்டங்களையும் மேலே வைக்கிறேன். இந்த இரண்டிலும் தன்னைக் காட்டியவர் என்று நான் நினைப்பவர் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ்.

அவரைப் பற்றி உனக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், இன்னொரு தடவை பொறுத்துக்கொள். மணிலாவில் மாமாவின் பூல் கூடத்தில் வேலை பார்த்து, இரவில் மேஜையின் மேலேயே படுத்து உறங்கி, எட்டாத உயரத்துக்குக் குளிர்பானப் பெட்டிகளைப் போட்டு ஏறி நின்று பழகிய பையன். 1985இல் அமெரிக்காவுக்குப் போனபோது, பேர் தெரிந்தால் யாரும் பணம் வைத்து ஆட மாட்டார்கள் என்று சீசர் மொரேல்ஸ் என்ற வேறு பெயரில் போனார். ஹூஸ்டனில் ஒரு ஓப்பன் போட்டியையே வென்றார். 1994இல் அமெரிக்க ஓப்பனை வென்ற முதல் வெளிநாட்டுக்காரர் ஆனார். 1996இல் ஹாங்காங்கில் எர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கும் அவருக்கும் மூன்று நாள் ஆட்டம். 120 ரேக்கை முதலில் எட்டுபவருக்கு ஒரு லட்சம் டாலர், தோற்றவருக்கு ஒன்றுமில்லை. ஸ்ட்ரிக்லண்டும் அமெரிக்க ஓப்பனை ஐந்து தடவை வென்ற மனிதர், சாமானியர் அல்ல. பின்தங்கிக் கிடந்த எஃப்ரன் ஒவ்வொன்றாக மீட்டுவந்து 120–117 என்று முடித்தார். 237 ரேக் ஆடியும் மூன்றுதான் வித்தியாசம்! இதை வைத்து எஃப்ரன் வெகு தூரம் மேலே என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் முன்னே போட்ட கணக்கு என்னைக் கேலி செய்யும். இத்தனை நீண்ட ஆட்டத்தில் இருவரும் உடையவில்லை என்பதுதான் என்னை இன்றும் ஆச்சரியப்படுத்துகிறது.

1995இல் ரீனோவில் அதே இருவர் ஆடிய இறுதி ஆட்டத்தின் கடைசி ரேக்கை நீ பார்த்திருப்பாய். இலக்குப் பந்து மறைந்து கிடக்கிறது, நேர்வழி இல்லை. எஃப்ரன் மேஜையைச் சுற்றி ஒரு நடை நடக்கிறார், குனிகிறார், கியூவை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கிறார். வெள்ளைப் பந்து ஒரு பக்கத்து விளிம்புக் குஷனில் மோதி, குறுக்கே ஓடி எதிர்ப் பக்கத்துக் குஷனில் மோதி, இஸட் எழுத்தைப் போல மடிந்து வந்து அந்தப் பந்தைப் பாக்கெட்டில் தள்ளுகிறது. தப்பித்தால் போதும் என்று எல்லாரும் நினைக்கும் இடத்தில் அவர் ரேக்கையே எடுத்துக்கொண்டு போகிறார். அந்த ஓர் அடி அதிர்ஷ்டமாக இருந்திருக்கலாமே என்று நீ கேட்கலாம். இப்படி மறைந்து கிடந்த பந்துகளை அவர் பல வருஷங்களாக, பல ஊர்களில், பல மேஜைகளில் எடுத்திருக்கிறார் என்பதுதான் என் பதில்.

ஆண்டுதோறும் அமெரிக்காவில் நடக்கும் டெர்பி சிட்டி கிளாசிக் போட்டியை நான் மிகவும் மதிப்பது இதனால்தான். அங்கே ஒன்பது-பந்து மட்டும் ஆடுவதில்லை. ஒவ்வொரு பந்தையும் குஷனில் மோதவிட்டே போட வேண்டிய பேங்க் ஆட்டமும், ஒருவருக்கு ஒரே ஒரு மூலைப் பாக்கெட் மட்டும் சொந்தமான ஒன்-பாக்கெட்டும் உண்டு. மூன்றையும் சேர்த்து மிகுந்த புள்ளி பெறுபவருக்கு மேஜையின் தலைவர் என்று பட்டம். பலமான பிரேக் உள்ளவன் ஒன்பது-பந்தில் தப்பித்துவிடலாம். ஒன்-பாக்கெட்டில் பிரேக்கை வைத்துக்கொண்டு எங்கே போவது? அங்கே அரை மணி நேரம் ஒரு பந்தும் போடாமல், ஒவ்வோர் அடியிலும் எதிராளியை இறுக்கி இறுக்கி ஆட வேண்டும். எஃப்ரன் அந்தப் பட்டத்தை ஐந்து தடவை வென்றார்.

அந்தக் காலத்து அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மொஸ்கோனி இவர்கள் எல்லாரையும்விடப் பெரியவர் என்று உன் அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தாய். 1954இல் ஓஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில், எந்தப் பந்தையும் எந்த வரிசையிலும் போடலாம் என்ற ஸ்ட்ரெய்ட் பூலில் ஒரு தடவைகூட விடாமல் 526 பந்து போட்டவர் அவர். 2019இல் ஜான் ஷ்மிட் 626 போட்டார், 2022இல் ஜேசன் ஷா 714 போட்டார். ஆனால் மொஸ்கோனி ஆடியது 8 அடி மேஜை, மற்ற இருவரும் ஆடியது 9 அடி மேஜை. அதோடு இவர்கள் அந்த எண்ணை எட்டவேண்டும் என்றே நாள் கணக்கில் முயன்றவர்கள். மொஸ்கோனியோ ஒரு காட்சி ஆட்டத்தில், கூடியிருந்தவர்கள் முன்னால், போகிறபோக்கில் போட்டார். துணி வேறு, பாக்கெட் வேறு, நோக்கம் வேறு. அண்ணனிடம் என் வணக்கத்தைச் சொல், ஆனால் அவர் சொன்னதைத் தீர்மானிக்க என்னிடம் அளவுகோல் இல்லை என்றும் சொல்.

இன்றைய ஆட்டக்காரர்களை நான் குறைத்து எழுதியதாக நினைத்துவிடாதே. 2018இல் ஜோஷுவா ஃபில்லர் இருபத்தொரு வயதில் உலகப் பட்டம் வாங்கியபோது, பந்தைப் பார்த்து யோசிக்கக்கூட நேரம் எடுக்காமல் அடித்த அந்த வேகம் எஃப்ரனிடம் இருந்ததில்லை. பந்தின் குறுக்களவு இரண்டேகால் அங்குலம். பெரிய போட்டிகளில் பாக்கெட்டின் வாயை 4 அங்குலம்வரை இறுக்கிவிட்டார்கள். பந்துகளை அடுக்கும்போது ஒன்பதாம் பந்தை மேஜையில் குறித்த புள்ளியில் வைத்து, பிரேக்கில் தானாக விழும் பந்தையும் அரிதாக்கிவிட்டார்கள். அந்த இறுக்கத்திலும் இவர்கள் துடைத்துக்கொண்டு போகிறார்கள். இவர்களில் யார் நின்று நிலைப்பார் என்று பார்க்க எனக்கு இன்னும் பத்து வருஷம் வேண்டும், இந்தப் புதுக் கண்ணை நம்பிக் காத்திருக்கிறேன்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். கல்யாணம் முடிந்து ஓய்வு கிடைத்ததும், 2016 இறுதி ஆட்டத்தையும் 2022 இறுதி ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார். ஸ்கோரை எழுதாதே, நம் மார்க்கர் பெரியவரைப் போல, இருவருக்கும் வெள்ளைப் பந்து தவறிப் போன தடவைகளை மட்டும் கோடு போட்டு எண்ணு. நானும் இங்கே எண்ணி வைக்கிறேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். அந்தத் தாளைச் சட்டைப் பையில் கொண்டு வருகிறேன், நீயும் உன்னுடையதை எடுத்து வை.

உன் அன்பு நண்பன்