ஃபைபர் விண்ணப்பம்: கையெழுத்துக்கு முன் படிக்கவும்

எல்லோருக்கும் வணக்கம். ஊருக்கு ஃபைபர் இணைப்பு (கண்ணாடி இழை வழியாக ஒளியாக வரும் இணையம்) கேட்கும் விண்ணப்பத்துக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்குகிறோம். 'நாலு வீட்டுக்காக யார் கேபிள் இழுப்பார்கள்?' என்று சிலர் தயங்குகிறீர்கள். கேள்வி நியாயமானதுதான். செலவில் பெரும்பங்கு கண்ணாடி இழைக்கு அல்ல, பள்ளம் தோண்டுவதற்கும் ஆட்கூலிக்கும்தான் போகிறது. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் ஒரு வீட்டுக்கான செலவு ஏறிவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களுக்கு அரசு மானியமோ கூட்டுறவு முயற்சியோ தேவைப்படுகிறது. ஏற்கெனவே நிற்கும் மின்கம்பங்களில் கேபிளைக் கட்டிக்கொண்டு போனால் செலவு நன்றாகக் குறையும். கம்பங்களைப் பயன்படுத்தும் அனுமதியையும் விண்ணப்பத்திலேயே கேட்டிருக்கிறோம்.

தூரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பழைய செம்புக் கம்பியில் சில கிலோமீட்டருக்குள் வேகம் விழுந்துவிடும். ஃபைபரில் பரவலாகப் பயன்படும் ஜிபான் (GPON, ஒரே இழையைப் பல வீடுகள் பகிரும்) முறையில் ஒளி சுமார் 20 கிலோமீட்டர் வரை போகும். ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கலாம். வழியில் பிரித்துத் தரும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. மின்வெட்டு அதிகமுள்ள இடங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! நம் பக்கத்தில் வீட்டு மோடத்துக்கு மட்டும் மின்சாரம் வேண்டும், சிறிய பேட்டரி ஒன்று இருந்தால் நல்லது.

அப்புறம், கையெழுத்து வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்க்கோடியில் இருக்கும் வீடுகளுக்கு முதலில் போங்கள். வரைபடத்தில் விடுபட்டுப் போவது எப்போதும் அவர்கள்தான். இணையம் இதுவரை பயன்படுத்தாத பெரியவர்களிடமும் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுங்கள்.